உன் ஆத்தா தைத்த முழங்கை

என் அன்பு மகனுக்கு,

இதை எழுதுவது நானேதான். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார்கள் என்று நீ பயந்துவிடுவாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் பெண்டாட்டி தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சிலேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிடுவாள். வாழ்நாளெல்லாம் குதிரை வண்டி ஓட்டிய கை அல்லவா, பலப்பத்தை இறுக்கிப் பிடித்து இரண்டு மூன்றை ஒடித்தேன். "மாமா, கடிவாளத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீக. அது எங்குட்டும் ஓடிப் போகாது" என்று சிரித்தாள். இப்போது பலப்பம் போய்ப் பேனா வந்துவிட்டது. ஒரு சொல்லை எழுதி முடித்ததும் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததையே அது சொல்கிறது. எனக்கு இந்த வயதில் இது எவ்வளவு பெரிய வேடிக்கை என்று உனக்கு எப்படிச் சொல்வது? ஒரு வரி எழுதுகிறேன், வெற்றிலை போடுகிறேன், பிறகு அடுத்த வரி. ஆகையால் பொறுமையாகப் படி.

உன் கடிதம் போன வாரம் வந்தது. தபால்காரர் வழக்கம்போல உறையைக் கிழித்துப் படிக்கப் போனார். "குடுங்க இங்குட்டு, நானே படிச்சுக்கிறேன்" என்றேன். அவர் என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தலைகீழாப் பிடிச்சிறாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். காலையில் ஆரம்பித்து, சோறு வடிக்கிற நேரத்துக்குப் படித்து முடித்தேன். ஈப்போவில் உன் கம்பெனி உனக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்திருப்பதையும், மலைத் தோட்டங்களில் நின்றுபோகும் லாரிகளைப் பழுது பார்க்க நீ தினமும் அதில் ஏறிப் போவதையும் அறிந்தேன். மழையில் சறுக்கி விழுந்த உன் கூட்டாளி தோல் உரிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதையும் படித்தேன். தோல் கோட்டும் கையுறையும் இல்லாமல் இனி யாரும் மலை ஏறக் கூடாது என்று உங்கள் துரை சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனுஷர். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதைத்தான் நான் இரண்டு தரம் படித்தேன். ஒரு கடையில் பளபளவென்று கறுப்புக் கோட்டு ஒன்று பார்த்திருக்கிறாய், தீபாவளிக்கு முன்னால் அதை வாங்கப் போகிறாய், போட்டுப் பார்த்தபோது துரை மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னாராம். உன் பெண்டாட்டியிடம் இதை வாசித்துக் காட்டினால் அவளும், "கறுப்பே எடுக்கட்டும் மாமா, அவுக நிறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்கிறாள். நீ விழும்போது அது எடுப்பாக இருந்து என்ன செய்ய? இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது. நீ காசைக் கொடுப்பதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் மற்ற வேலையை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வண்டிக்காரனுக்குக் கோட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்க மாட்டாய். நம் வீட்டு ஆணியில் தொங்கும் பழைய தோல் கோட்டு உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ அதற்குள்தான் தூங்குவாய். செட்டியாரைச் சிவகங்கைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் நீயும் வருவேன் என்று அழுவாய். அங்கே போனதும் புளிய மரத்தடியில் வண்டியை அவிழ்த்துவிட்டு, அந்தக் கோட்டை விரித்து உன்னைப் படுக்க வைப்பேன். எழுந்திருக்கும்போது உன் கன்னத்தில் பொத்தான் பதிந்திருக்கும். ஆனால் அது எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. பெரிய வீட்டு விஷயம், ஆச்சி உயிரோடு இருக்கும்வரை வேண்டாம் என்று இருந்தேன். இப்போது அவர்கள் இல்லை. அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை என்பதை முழுவதும் படித்தால் நீயே தெரிந்துகொள்வாய்.

ஆச்சி என்றால் நான் வண்டி ஓட்டிய வீட்டுச் செட்டியாரின் மனைவி. அவர்கள் ஒரே மகளுக்கு நேமத்தான்பட்டியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அந்த நாளில் அது போனால் தெரு நாய்களெல்லாம் ஊர் எல்லை வரை துரத்திக்கொண்டு ஓடும். அவருக்காகச் செட்டியார் ரங்கூனுக்கு எழுதி ஒரு தோல் கோட்டு வரவழைத்தார். கலியாணத்தன்று பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுக்கிற சாமான்களையெல்லாம் வளவில், நடு முற்றத்தைச் சுற்றிப் பரப்பி வைப்பார்கள் அல்லவா, வெள்ளிக் குடத்துக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவில் அந்தக் கோட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. புதுத் துணிக்கு வைக்கிற மாதிரி அதன் ஓரத்திலும் ஆச்சி மஞ்சள் தடவியிருந்தார்கள். அந்தக் கறை இன்றைக்கும் இருக்கிறது. பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, கலியாண வீட்டுல தோலைப் பரப்பி வச்சிருக்கீக?" என்று முகம் சுளித்தார். ஆச்சி நிமிரவே இல்லை. "முகப்புல வாசிக்கிறாகளே தவிலு, அது எதுல கட்டுனது? அவுகளை எழுந்திருச்சுப் போகச் சொல்லிருவமா?" என்றார்கள். பெரியவர் தவில்காரரைப் பார்த்தார். தவில்காரர் ஒன்றும் கேட்காதவர்போல இன்னும் ஓங்கி அடித்தார்.

மாப்பிள்ளையை அழைத்துக் கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவர் நிலைக்கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எல்லாரும் சபாஷ் என்றார்கள். நானும்தான் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் யாராவது நின்றுகொண்டு போவார்களா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நீ கடையில் முதலில் ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கு. அதில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார், வண்டியின் கைப்பிடியைப் பிடிப்பது போலக் கையை முன்னால் நீட்டு, கொஞ்சம் குனி. அப்போது கோட்டுக் கை மணிக்கட்டை விட்டு மேலே ஏறுகிறதா, முதுகுப் பக்கம் தூக்கிக்கொண்டு இடுப்பு தெரிகிறதா என்று பார். ஏறினால் அது உன் கோட்டு இல்லை. கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மணிக்கட்டில் இறுக்கிக் கட்ட வாரும் கொக்கியும் இருந்தால் நல்லது. வெறும் பொத்தான் என்றால், அதன் அடியில் இன்னொரு சின்னத் தோல்துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா என்று திருப்பிப் பார். இல்லையென்றால் பொத்தான் ஒரே இழுப்பில் தோலோடு வந்துவிடும்.

சாமான் பார்க்க வந்த பெண்டுகள் சும்மா பார்ப்பவர்கள் இல்லை. குடத்தைச் சுண்டுவார்கள், பட்டுச் சேலையை முகர்வார்கள், சரிகையைக் கல்லில் உரசுவார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆச்சி ஒருவர் கோட்டைத் தூக்கிப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு. தையல் எல்லாம் பட்டு நூலாம்ல?" என்றார். "ஆமா, ரங்கூன்லயிருந்து எழுதியிருக்காக" என்றார்கள் நம் ஆச்சி. "எழுதிட்டாப் போதுமா? பருத்தி நூலுக்கு மெழுகு தடவுனாலும் இப்படித்தான் மினுங்கும்" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நம் ஆச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நான் ஓரமாக நின்றேன். "ஏப்பா, அந்தச் சிம்னி விளக்கைப் பொருத்தி இங்குட்டுக் கொண்டா" என்றார்கள் ஆச்சி. கொண்டையிலிருந்து ஊசியை உருவினார்கள். வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, வலது கையின் முழங்கைக்குப் பின்னால் தையலில் ஊசியை விட்டு, நூலை நெம்பி, ஒரு விரல் நீளத்துக்கு உருவி எடுத்தார்கள். பட்டுச் சேலை வாங்கும்போது ஓரத்து நூலைக் கொளுத்திப் பார்ப்பார்களே, அதே சோதனை. விளக்கைப் பிடித்தது நான்தான். நூல் கருகி முடி தீய்ந்த வாடை வந்தது. "மோந்து பாருங்க! பட்டா, பருத்தியா?" என்று ஆச்சி அந்த அம்மாளின் மூக்குக்கு நேராக நீட்டினார்கள். வளவே சிரித்தது. ஆச்சி ஜெயித்துவிட்டார்கள். கோட்டு தோற்றுப்போனது யாருக்கும் தெரியவில்லை.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு மகளும் மாப்பிள்ளையும் குன்றக்குடிக்குப் போனார்கள். மகள் என் வண்டியில், மாப்பிள்ளை முன்னால் மோட்டார் சைக்கிளில். நாலு பேர் பார்க்கக் கொஞ்சம் வேகமாகவே போனார். ஊருணிக்குப் பக்கத்து வளைவில் சரளைக் கல் கொட்டியிருந்தது. மோட்டார் சைக்கிள் படுத்துவிட்டது. அவர் ரோட்டிலேயே சறுக்கிக்கொண்டு போனதைத் தூரத்திலிருந்து நான் பார்த்தேன். மகள் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். இடது கையில் கோட்டு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது, உள்ளே ஒரு கீறலும் இல்லை. வலது கையில் முழங்கைத் தையல் வாயைப் பிளந்திருந்தது. அதற்குள் சரளையும் சதையும் ஒன்றாகக் கிடந்தன. கையுறையும் இல்லை, இரண்டு உள்ளங்கையும் உரிந்திருந்தன. விழுகிற மனுஷன் முதலில் கையைத்தானே ஊன்றுகிறான்? கோட்டுக்கு எழுதியவர்கள் கையுறைக்கு எழுத மறந்துவிட்டார்கள். "ஏம்பா, ரெண்டும் ஒரே கோட்டுக் கைதானே? இது மட்டும் ஏன் பிரிஞ்சிருச்சு?" என்று அவர் என்னைக் கேட்டார். வலியோடு சிரித்துக்கொண்டே கேட்டார். மகள் வாய்விட்டு அழுதது. நான் தலைப்பாகைத் துணியைக் கிழித்துக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி கோட்டை மடியில் போட்டுக்கொண்டு அந்தத் தையலைத் தேடினார்கள். பிளந்த இடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளையிடம் போய், எல்லாரும் இருக்கும்போதே, "நான் உருவுன நூலு மாப்பிள்ளை அது. பட்டான்னு பாத்தேன். பலமான்னு பாக்கலை" என்றார்கள். பெரிய வீட்டு ஆச்சி அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர் புண் ஆறுகிறவரை அவர்கள் கையாலேயே மருந்து போட்டார்கள். கோட்டை மட்டும் கண்ணில் படாமல் கொண்டு போகச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், கடையில் தையலைச் சோதித்துப் பார், ஆனால் நூலைத் தொடாதே. தையலுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து விரித்து இழு. இடைவெளி விட்டு நூல் பல்லைக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடு. ஒற்றை வரிசைத் தையல் போதாது. தோளிலும் முழங்கையிலும் இரண்டு வரிசை ஓட வேண்டும், ஒன்று அறுந்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ள. அந்த இடங்களில் தோலும் இரண்டு மடிப்பாக இருக்க வேண்டும். நல்ல கோட்டில் முதுகு ஒரே தோலாக இருக்கும். துண்டு துண்டாக ஒட்டுப்போட்டிருந்தால் அத்தனை இடத்திலும் பிளக்க இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

நம் வீட்டுக்கு வந்த கோட்டை உன் ஆத்தாதான் தைத்தாள். குதிரைச் சேணமும் வாரும் அறுந்தால் தைக்கிறவள் அவள்தானே. நான் அவசரப்பட்டு, நெருக்க நெருக்கமாகப் போடு, கெட்டியாக இருக்கும் என்றேன். "உங்க வேலையைப் பாருங்க. நெருக்கிக் குத்துனா தோலு ஓட்டை வழியாவே கிழிஞ்சு வந்துரும்" என்றாள். அவள் சொன்னது இப்போதுதான் எனக்கு நன்றாக விளங்குகிறது. தபால் தலையைச் சுற்றி ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அது அழகாகக் கிழிவதற்குத்தானே? பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு, மெழுகு தேய்த்த சணல் நூலால், போனதும் வந்ததுமாக இரண்டு வரிசை தைத்தாள். தையல் ரொம்ப நெருக்கமாக இருந்தாலும் ஏமாறாதே, அகலமாக இருந்தாலும் ஏமாறாதே என்பதை உனக்குச் சொல்ல அவள் இல்லை. நான் சொல்கிறேன்.

பளபளப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஐப்பசி மழையில் கோட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. நான் பெரிய கெட்டிக்காரன்போல அதற்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி வெயிலில் காயப் போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அது தானாக நிற்கிறது! கை இரண்டையும் விறைத்துக்கொண்டு, தலை மட்டும் இல்லாத ஆளாக முற்றத்தில் நின்றது. குதிரை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. உன் ஆத்தா, "வாங்க, உங்க அண்ணன் வந்து நிக்கிறாரு. தண்ணி குடுக்கவா?" என்றாள். நீ அவள் இடுப்பில் இருந்தாய், அதைப் பார்த்து "பெரியப்பா" என்றாய். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. பிறகு தினமும் கொஞ்சம் விளக்கெண்ணெய் தேய்த்துத் தேய்த்து அதை வழிக்குக் கொண்டுவந்தோம். செத்த தோலும் எண்ணெய் தேய்த்தால் பளபளக்கும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். ஆகவே உன் கடைக்காரரின் பளபளப்பை நம்பாதே. கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பு, அங்கே எண்ணெய் பூச மாட்டார்கள். தோலை இரண்டு விரலால் மடித்து அழுத்து. மடிப்பில் சாயம் செதில் செதிலாக உதிர்ந்தாலோ, வெடிப்பு விழுந்து அப்படியே நின்றாலோ, அது மேலே அடித்த சாயம். நல்ல தோல் சுருங்கும், விட்டால் மறுபடி தன் நிலைக்கு வரும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் தேய்த்துப் பார். கைக்குட்டை கறுத்தால் மழையில் உன் சட்டையும் கறுக்கும். கையுறையையும் இதே மாதிரி பார். உள்ளங்கையில் இரண்டு தோல் இருக்கிறதா என்று கட்டாயம் பார். உங்கள் ஊர் வெக்கைக்குக் கோட்டு வேர்க்கும். வேர்த்தாலும் கழற்றி வண்டியில் கட்டிக்கொண்டு போகாதே. விழும்போது அது உன் மேல் இருக்க வேண்டும்.

இவ்வளவு எழுதிய பிறகும் எனக்கு ஒரு கவலை. தோலின் கனத்தை எப்படி எழுதுவது? இரண்டு நாள் யோசித்தேன். இந்த எழுத்தைக் கற்றுக்கொண்டதும் எதையும் எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன். விரலுக்குத் தெரிவது பேனாவுக்கு வர மாட்டேன் என்கிறது. கடைசியில் ஆணியிலிருந்து கோட்டை எடுத்தேன். வலது முழங்கையை, உன் ஆத்தா தைத்த இடத்தை, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டப் போனேன். என்னால் கத்தரி வைக்க முடியவில்லை, உன் பெண்டாட்டிதான் வெட்டினாள். வெட்டும்போது அவளும் அந்தத் தையலை இழுத்துப் பார்த்தாள். "அத்தை கை அசையவே மாட்டேங்குது மாமா" என்றாள். கறுப்புக் கோட்டைப் பற்றி அவள் அதற்கப்புறம் பேசவில்லை. அந்தத் துண்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

கடைக்குப் போகும்போது அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள். அவர்கள் கோட்டின் முழங்கையை ஒரு கையால் பிடி, இதை இன்னொரு கையால் பிடி. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கிள்ளிப் பார். பிறகு இரண்டு தையலையும் இழு. கடைத் தையல் உன் ஆத்தா தையலுக்குச் சமமாக நின்றால், நிறம் எதுவானாலும் வாங்கிக்கொள். நிற்காவிட்டால் வேறு கடை பார். அதற்குள் தீபாவளி வந்துவிட்டாலும் பரவாயில்லை. கிடைக்கும்வரை மலைப் பாதையில் மெதுவாகப் போ, வளைவில் சரளை இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. யார் சிரித்தாலும் சரி.

தை பிறந்ததும் உன் பெண்டாட்டி கப்பல் ஏறி உன்னிடம் வந்துவிடுவாள். அவள் ஊருக்குத் திரும்பும்போது அந்தத் துண்டை அவளிடம் கொடுத்துவிடாதே, தபாலிலும் போடாதே. லீவு கிடைக்கிறபோது நீயே கொண்டு வா. கோட்டு ஒரு முழங்கை இல்லாமல் ஆணியில் தொங்குகிறது. சணல் நூலுக்கு மெழுகு தேய்த்து வைத்திருக்கிறேன். வெட்டிய ஓரத்தில், உன் ஆத்தா சொன்னபடி நெருக்கிக் குத்தாமல் தைத்துவிடலாம்.

கைநாட்டு வைக்காமல், தன் பெயரைத் தானே எழுதும்
உன் அப்பா